மைக்கேல் லார்சன்

மைக்கேல் லார்சன் (1949–1999) அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள லெபனான் என்ற சிற்றூரில் பிறந்தவர். கோடையில் ஐஸ்கிரீம் வண்டி ஓட்டிப் பிழைத்தவர். 1984ஆம் ஆண்டு சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘பிரஸ் யுவர் லக்’ என்ற போட்டியில் 1,10,237 டாலர் பெறுமான ரொக்கமும் பரிசுகளும் வென்றார். பகல்நேரப் போட்டிகளில் ஒரே ஆட்டத்தில் வென்ற தொகையில் அன்றைக்கு அதுவே சாதனை.

‘பிரஸ் யுவர் லக்’ 1983 செப்டம்பர் முதல் 1986 வரை ஒளிபரப்பானது. பீட்டர் டோமார்க்கன் நடத்தினார். அறிவிப்பாளர் ராட் ராடி. மூன்று பேர் ஆடுவார்கள். கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால் பணம் கிடைக்காது, பலகையில் ஆடும் வாய்ப்புகள்தான் கிடைக்கும். பலகை என்பது 18 கட்டங்கள் கொண்ட பெரிய சட்டம். விளக்கு கட்டத்துக்குக் கட்டம் தாவிக்கொண்டே இருக்கும். கட்டங்களில் உள்ள பரிசுப் படங்களும் மாறியபடி இருக்கும். ஆடுபவர் பொத்தானை அடித்ததும் விளக்கு நிற்கும். நின்ற இடத்தில் இருப்பது அவருக்கு. அங்கே ‘வாம்மி’ என்ற சிவப்புக் குட்டிச்சாத்தான் இருந்தால், அதுவரை சேர்த்தது முழுவதும் போயிற்று. பார்ப்பவர்களுக்கு இது சுத்தமான சூதாட்டமாகவே தெரிந்தது.

லார்சன் மட்டும் இதை ஒரு கடிகாரமாகப் பார்த்தார். வீட்டில் வீடியோ ரெக்கார்டரில் நிகழ்ச்சியைப் பதிவு செய்து, படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது, விளக்கு மனம் போன போக்கில் தாவவில்லை, 5 வரிசைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்று கண்டுகொண்டார். 4ஆம் கட்டத்திலும் 8ஆம் கட்டத்திலும் வாம்மி வருவதே இல்லை. இரண்டாவது சுற்றில் அவ்விரண்டும் எப்போதும் பணத்தோடு இன்னொரு வாய்ப்பையும் சேர்த்தே தந்தன. அதாவது குறி தவறாத ஒருவருக்கு அந்த ஆட்டம் முடியவே முடியாது. வரிசைகளை மனப்பாடம் செய்து, வீட்டிலேயே கைப்பழக்கமும் ஏற்படுத்திக்கொண்ட பிறகுதான் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனார். ஆள் தேர்வில் இருந்த பாபி எட்வர்ட்ஸுக்கு அவர்மேல் ஏதோ சந்தேகம். தயாரிப்பாளர் பில் கருத்தர்ஸ் அதைத் தள்ளிவிட்டு அவரைச் சேர்த்துக்கொண்டார்.

1984 மே 19 அன்று படப்பிடிப்பு. முதல் அடியே வாம்மியில் விழுந்தது! முதல் சுற்றின் முடிவில் 2,500 டாலருடன் கடைசி இடம். கடைசியில் இருப்பவர் இரண்டாவது சுற்றில் முதலில் ஆட வேண்டும் என்பது விதி. அவருக்கு அதுவே வசதியாகப் போயிற்று. கையில் 7 வாய்ப்புகள். அதன் பிறகு நடந்ததை ஒளிப்பதிவில் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். மற்றவர்கள் பொத்தானை அடித்துவிட்டு என்ன விழுந்தது என்று பலகையைத் தேடுவார்கள். லார்சன் கண் இமைக்காமல் விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். அடித்த கையோடு துள்ளிக் கைதட்டத் தொடங்கிவிடுவார். தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. மிச்சமிருந்த வாய்ப்புகளை எதிராளிக்குத் தள்ளிவிட்டு அமர்ந்தார். இன்னொரு போட்டியாளர் தம்முடைய வாய்ப்புகளை அவர் தலையில் திருப்பிக் கட்டினார். விதிப்படி அவற்றை ஆடித்தான் ஆக வேண்டும். அதிலும் வாம்மி சிக்கவில்லை.

ஆட்டம் நீண்டுபோனதால் ஜூன் 8, ஜூன் 11 என இரண்டு நாட்களாகப் பிரித்து ஒளிபரப்பினார்கள். நிறுவனத்துக்குள் பணம் கொடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. 1950களில் ‘ட்வென்ட்டி-ஒன்’ போன்ற போட்டிகளில் சிலருக்கு விடைகளை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்த ஊழல் வெளிவந்து, 1960இல் அதற்கெதிராகச் சட்டமே வந்திருந்தது. ஆனால் லார்சனுக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லார் வீட்டிலும் ஓடிய படத்தைத்தான் அவரும் பார்த்தார், கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு. மோசடி என்ற சொல் இந்த வெற்றியோடு இன்றுவரை ஒட்டிக்கொண்டிருப்பது நியாயமில்லை. தடை செய்ய விதி எதுவும் இல்லாததால் முழுத் தொகையும் கொடுக்கப்பட்டது. அதன் பின் பலகையின் வரிசைகளைப் பல மடங்கு கூட்டினார்கள்.

பணம் தங்கவில்லை. நிலவணிகம் ஒன்றில் பெரும் பகுதி போயிற்று. டாலர் நோட்டின் வரிசை எண் பொருந்தினால் பரிசு என்று ஒரு வானொலி அறிவித்தபோது, வங்கியிலிருந்து பணத்தை ஒரு டாலர் நோட்டுகளாகவே எடுத்து வந்து, வீட்டில் உட்கார்ந்து எண் பார்த்தார். பலகையைப் பார்த்த அதே கண்தான். இந்த முறை எதுவும் பொருந்தவில்லை. ஓர் இரவு வீட்டார் வெளியே சென்றிருந்தபோது, எஞ்சியிருந்த நோட்டுகளைத் திருடர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். பின்னாளில் லாட்டரி மோசடித் திட்டம் ஒன்றில் தொடர்புடையவராக அதிகாரிகளால் தேடப்பட்டு, ஒஹாயோவை விட்டு வெளியேறினார். 1999 பிப்ரவரியில் ஃபுளோரிடாவில் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார்.

சிபிஎஸ் அந்த இரு பகுதிகளையும் பல ஆண்டுகள் மறுஒளிபரப்புக்கு விடவில்லை. 2003இல் கேம் ஷோ நெட்வொர்க் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தது. அதையொட்டி நடந்த புதிய ஆட்டத்தில், 1984இல் அவரிடம் தோற்ற இருவரும் மறுபடி வந்து நின்றார்கள். நடுவில் லார்சனின் இடத்தில் அவருடைய உடன்பிறந்தவர்.