தேங்கிய நீரில் மிளகாய்ச் செடி

மிளகாய்ச் செடி ஈரத்தில் செழிக்கும். வேரைச் சுற்றி நீர் நின்றால் தாங்காது. மும்பையில் சயான், தாராவி பக்கத்துத் தமிழர் வீட்டு வாசல்களில் பெயின்ட் டப்பாவில் வளரும் செடிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை இதுவே சோதனை. சயான் தாழ்வான இடம்தான். ஆனாலும் தெருவில் வெள்ளம் ஏறித்தான் செடி கெட வேண்டும் என்பதில்லை. டப்பாவின் அடித்துளை அடைபட்டாலே போதும்.

செடியைக் கொல்வது மூச்சுத்திணறல். ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்கு வேகத்தில்தான் நீரில் பரவுகிறது. மண் இடுக்குகளில் நீர் நிரம்பியதும், மிஞ்சிய ஆக்சிஜனை வேரும் நுண்ணுயிர்களும் விரைவில் தீர்த்துவிடும். வேர் நொதித்தலுக்கு மாறும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து சுமார் 30 கிடைத்த ஏ.டி.பி. (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) 2 ஆகக் குறையும். வேர்ச் செல்லுக்குள் அமிலத்தன்மை கூடி, நீர் நுழையும் புரத வழிகள் அடைத்துக்கொள்ளும். தண்ணீரில் நிற்கும் செடி தாகத்தில் இருப்பதுபோல் துவண்டு தொங்குவது இதனால்தான். அதைக் கண்டு மனம் இளகி இன்னொரு செம்பு ஊற்றுகிறவர்கள் உண்டு. ஊற்றவே கூடாது.

வேரில் உருவாகும், எத்திலீன் என்ற செடி ஹார்மோனின் முன்பொருள் மேலேறி இலையில் எத்திலீனாகும். இலைக்காம்பு கீழ்நோக்கி வளையும், பூவும் பிஞ்சும் உதிரும். நெல்லுக்கு வேர்வரை காற்று போகும் குழல்கள் உண்டு. மிளகாய்க்கு அந்த வசதி மிகக் குறைவு. தாங்கும் செடிகள் தண்டின் அடியில் புதுவேர் விட்டு மேல்மண்ணின் காற்றைப் பிடிக்கப் பார்க்கும்.

மூச்சுத்திணறலுக்குத் தப்பினாலும் பல செடிகளுக்கு முடிவு கட்டுவது பைட்டோப்தோரா கேப்சிசி என்ற நோய்க்கிருமி. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மிளகாயில் கண்டறியப்பட்டு 1922-இல் விவரிக்கப்பட்டது. இதன் நகரும் வித்துகள் தேங்கிய நீரில் நீந்தி வேரைச் சேரும். தண்டின் அடி கறுத்தால் செடி மீள்வது அரிது.

2005 ஜூலை 26-இல் மும்பையின் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 94.4 செ.மீ. மழை. 2023 டிசம்பரில் தென்தமிழகத்தின் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ அதே அளவு, 95 செ.மீ. தாராவித் தமிழர் பலரின் பூர்வீகமான தென்மாவட்டங்களில், அப்போது மானாவாரி மிளகாய்க் காடுகளிலும் நீர் நின்றது. இங்கே டப்பாவில் கண்ட துவளல் அங்கே ஏக்கர் கணக்கில்.

வயலில் உயரப் பாத்தியும் வடிகாலும் முதல் காப்பு. நீர் தேங்குவதைத் தாங்கும் மிளகாய் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டும் முறையைத் தைவானின் உலகக் காய்கறி மையம் பரிந்துரைக்கிறது. வீட்டில் டப்பாவைச் செங்கல்மேல் தூக்கி வைத்து, துளையைக் குத்திவிட்டு, மேல்மண்ணை லேசாகக் கிளற வேண்டும். உரம், புதுத்தளிர் எட்டிப்பார்த்த பிறகு.