எதிர்காலம் கணிக்கப்பட்ட கார்: குமரி மாவட்டத்தில் அம்பாசிடர், 1957–2025

அம்பாசிடர் திரும்பி வருமா என்று இன்று கேட்கிறோம். அது ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கேட்கப்பட்டது வேறு கேள்வி: எப்போது நிற்கும்? 1970-களிலிருந்தே அதற்கு நாள் குறித்தவர்கள் உண்டு. குறித்த நாளெல்லாம் தாண்டிப் போயிற்று. பழசு, கனம், எண்ணெய் குடிக்கும் என்று காரைப் பார்த்துத்தான் எல்லோரும் ஆரூடம் சொன்னார்கள். காரின் ஆயுளைத் தீர்மானித்தவையோ காருக்கு வெளியே இருந்தன. இறக்குமதி உரிமம், ரயில்பாதை, டீசல் விலை, புகை விதி ஆகியவையே அவை. குமரி மாவட்டத்தை வைத்து இதைச் சொல்வது எளிது. அதன் தலைநகரான நாகர்கோவில் நீண்ட காலம் சாலையை மட்டுமே நம்பியிருந்த ஊர்.

அம்பாசிடர் பிறக்கும்போதே சற்று வயதானது. பிர்லா குடும்பத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-ல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கி, 1948-ல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவுக்கு மாறியது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி 1957-ல் அம்பாசிடர் உற்பத்தி தொடங்கியது. மூலக் காரை அதன் தாய் நிறுவனம் 1959-லேயே மாற்றிவிட்டது. சொந்த ஊரில் ஓய்வுபெற்ற வடிவம் இங்கே 57 ஆண்டு உழைத்தது. அமெரிக்கக் கணக்கில் நாலேகால் மீட்டரைச் சற்றே தாண்டும் வண்டி பெரிய கார் ஆகாது. அன்றைய இந்தியாவில் அதனோடு போட்டியிட்ட ஃபியட்டும், சென்னையை அடுத்து உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அதைவிடச் சிறியவை. குடும்பம் மொத்தமும் ஏற வேண்டுமென்றால் அம்பாசிடர்தான்.

1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூரின் தென்கோடித் தாலுகாக்கள் பிரிந்து குமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன. அடுத்த ஆண்டே அம்பாசிடர் பிறந்தது. மாவட்டத்துக்கும் காருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இணைப்புக்குப் பிறகு நிர்வாகம் சென்னையை நோக்கித் திரும்பியது. மக்களின் போக்குவரத்து அவ்வளவு சுலபமாகத் திரும்பவில்லை. பெரிய வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ், விமானத்துக்கும் திருவனந்தபுரம். இந்தப் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டித் திருநெல்வேலி போனால்தான் சென்னைக்கு ரயில். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை ரயில்பாதை 1979-ல் திறக்கப்பட்டது. நாகர்கோவில்–திருநெல்வேலி இணைப்பு 1981-ல்தான் வந்தது. அதாவது இந்த மாவட்டம் தமிழ்நாட்டில் சேர்ந்து இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகே மாநிலத்தின் மற்ற பகுதியோடு தண்டவாளத்தால் பிணைந்தது.

அந்த இடைவெளியை பஸ்ஸும் வாடகைக் காரும் நிரப்பின. திவான் சி. பி. ராமசாமி ஐயர் காலத்துக் காங்கிரீட் சாலையின் மரபு இங்கே இருந்தது. சாலை நல்லது, ஊர்கள் நெருக்கமானவை. களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று கடைத்தெரு விட்டால் கடைத்தெரு. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்குப் போவது, கல்யாணப் பெண்ணை அழைத்து வருவது, 1970-ல் விவேகானந்தர் பாறை நினைவகம் திறந்தபின் வந்த சுற்றுலாக் கூட்டத்தை முனைக்குக் கொண்டுவிடுவது என எல்லாவற்றுக்கும் டாக்சி ஸ்டாண்டில் நின்றது ஒரே வண்டி. முன்னால் பிளவில்லாத நீள சீட்டு, ஸ்டியரிங் தண்டிலேயே கியர். டிரைவரோடு முன்னால் மூன்று பேர், பின்னால் மடியில் பிள்ளைகளுடன் ஐந்து பேர். வளைகுடாவுக்கு ஆள் போகத் தொடங்கிய பிறகு கூரைக் கேரியருக்கு வேலை கூடியது. வழியனுப்ப ஒரு வீடே ஏறும். திரும்பி வரும்போது பெட்டிகள் மேலே.

இந்தக் காலத்தில் அம்பாசிடரின் எதிர்காலம் பற்றிக் கேள்வி எழுந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. மலிவான மக்கள் கார் வேண்டும் என்ற பேச்சு 1960-ஐ ஒட்டியே தில்லியில் இருந்தது. 1971-ல் சஞ்சய் காந்தியின் மாருதி நிறுவனம் பதிவானபோது அது அரசியலாகவும் ஆயிற்று. ஆனால் கார் வாங்கப் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டிய நாட்டில், கைக்குக் கிடைக்கும் காரின் குறையைப் பேசி யாருக்கு என்ன லாபம்?

1979-க்கும் 1983-க்கும் இடையில் நிலைமை மாறியது. ரயில் வந்தது, 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. டாக்டர்களும் வக்கீல்களும் சின்னக் காருக்கு மாறத் தொடங்கினார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்த எவரும் அம்பாசிடரின் கதை முடிந்தது என்றுதான் கணித்திருப்பார். அப்படி நடக்கவில்லை. 1980-களின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் 24,000 கார்கள் வரை விற்ற காலமும் உண்டு. சொந்தக்காரர் கைவிட்ட வண்டியை அரசு அலுவலகமும் டாக்சிக்காரரும் தாங்கிப் பிடித்தார்கள் என்பது பொதுவான விளக்கம். அது சரிதான், ஆனால் பாதி விளக்கம். மீதிப் பாதி டீசல்.

1980-ஐ ஒட்டி நிறுவனமே டீசல் அம்பாசிடரை விற்கத் தொடங்கியது; இந்தியாவில் தயாரான முதல் டீசல் கார் அதுவே. குதிரைத்திறன் நாற்பதைத் தொடாத எஞ்சின், ஏற்றத்தில் முனகும். அதைவிட முக்கியமானது கம்பெனிக்கு வெளியே நடந்தது. பழைய பெட்ரோல் அம்பாசிடரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, மட்டடோர் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றுவது தமிழகம், கேரளம் முழுக்கப் பட்டறைகளின் வாடிக்கையான தொழிலாயிற்று. அரசு டீசலை மலிவாக விற்றது. தினம் ஓடும் டாக்சிக்கு அந்த விலை வித்தியாசமே வருமானம். பானட்டைத் திறந்தால் ஆள் குனிந்து வேலை செய்ய இடம் இருந்தது. பின்சக்கரம் இழுக்கும் நேர்க்கோட்டு அமைப்பு, பின்பக்கம் பட்டை வில். கணினி கிடையாது, சென்சார் கிடையாது. தகட்டைத் தட்டி நிமிர்த்த ஒரு டிங்கர், கடைசல் பட்டறை ஒன்று, நல்ல மெக்கானிக் ஒருவர் இருந்தால் போதும். வண்டி இன்னொரு பத்தாண்டு ஓடும். உத்தர்பாரா தொழிற்சாலை நாற்பது ஆண்டுகளில் செய்த மாற்றங்களைவிட இந்தப் பட்டறைகள் செய்த மாற்றமே அம்பாசிடரின் ஆயுளை அதிகம் நீட்டித்தது என்பது என் துணிபு. மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று முன்முகக் கம்பி மாறியதைப் பெரிய வளர்ச்சியாக எழுதும் கார் வரலாறுகள் இதைக் கண்டுகொள்வதில்லை.

1990-களில் ஜப்பானின் இசுசு எஞ்சினும் ஐந்து கியரும் வந்தன. நல்ல மாற்றம், தாமதமான மாற்றம். 1994-ல் டாட்டா சுமோ வந்ததும் கூட்டமாகப் போகிற குடும்பம் அதற்குத் தாவியது. 1998 இறுதியில் டீசல் இண்டிகா அறிமுகமானது. டாக்சிக்காரரின் கணக்கு அதன் பக்கம் சாய்ந்தது. 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 பெருநகரங்களில் பி.எஸ்.4 புகை விதி அமலானது. அம்பாசிடர் அதற்குத் தயாராக இல்லை. அடுத்த நிலை நகரங்களே அதன் சந்தையாக எஞ்சின. பி.எஸ்.4 தகுதியுடன் ‘என்கோர்’ 2013-ல் வந்தபோது வாங்க ஆளில்லை. 2013–14 நிதியாண்டில் விற்றவை சுமார் 2,200. 2014 மே 24 அன்று உத்தர்பாராவில் வேலை நிறுத்திவைக்கப்பட்டது.

அதன்பின் ஊகங்களின் இரண்டாம் பருவம். 2017-ல் அம்பாசிடர் என்ற பெயரை 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பெஜோ நிறுவனம் வாங்கியது. இன்று அது ஸ்டெல்லாண்டிஸ் குழுமத்தின் பகுதி. அந்தக் குழுமத்தின் சிட்ரோயன் கார்கள் தமிழ்நாட்டின் திருவள்ளூரில், முன்பு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சரைத் தயாரித்த இடத்திலேயே உருவாகின்றன. 2022-ல் புதிய அம்பாசிடர் இரண்டு ஆண்டுகளில் வரும், மின்சாரத்தில் ஓடும், தயாரிப்பு சென்னைக்கு அருகே என்று செய்திகள் பரவியபோது நம்பத் தோன்றியதற்கு இந்தப் புவியியலும் காரணம். இரண்டு ஆண்டு கடந்துவிட்டது, கார் வரவில்லை. அப்படியே வந்தாலும் அதில் பழைய வண்டியின் ஒரு போல்ட்டும் இருக்காது. பெயருக்கு எதிர்காலம் உண்டா என்பது வணிகக் கேள்வி. வரலாற்று மாணவருக்கு முக்கியம் டி.என். 74, டி.என். 75 பதிவு எண்களோடும் அவற்றுக்கு முந்தைய எண்களோடும் இங்கே மிஞ்சியிருக்கும் வண்டிகள்.

அவற்றின் முன்னால் இரண்டு வழிகள்தான். ஒன்று, பதினைந்து ஆண்டு கடந்த காராகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே போவது. 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. இருபது ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ஆயிற்று. பசுமை வரி தனி. மற்றொன்று, 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த பழம்பெரும் வாகன விதி. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்திருக்க வேண்டும். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. சேஸி, உடல், எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. முதல் நிபந்தனையை மார்க் 2 வண்டிகள் தாண்டிவிட்டன. மூன்றாவதில்தான் சிக்கல். எஞ்சின் மாற்றாத அம்பாசிடர் அதிகம் ஓடாமல் ஷெட்டில் நின்ற பணக்கார வீட்டு வண்டி. மட்டடோர் எஞ்சினோடு இருபது ஆண்டு நாகர்கோவில்–திருவனந்தபுரம் சாலையில் உழைத்த டாக்சிக்கு இந்த விதியில் இடமில்லை. எஞ்சின் மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி. புத்தகத்தில் முறையாக ஏற்றிய உரிமையாளருக்கு, அந்தப் பதிவே இப்போது எதிரான சாட்சி.