கொம்பிரியா என்னும் சொல்

குருத்துவப் பணியின் தொடக்க ஆண்டுகளில் தென்கோடிச் சிற்றூர் ஒன்றில் பங்குத்தந்தையாக இருந்தேன். அவ்வூரில் பழைமையான கொம்பிரியா சபை ஒன்று இருந்தது. இறந்தோர் வீட்டுக்குச் சிலுவையும் மெழுகுதிரியும் ஏந்திச் செல்வதும், கல்லறைவரை உடன் நடந்து செபிப்பதும், ஏழை வீட்டுச் சாவுக்குப் பெட்டி வாங்கிக் கொடுப்பதும் அச்சபையாரின் கடமைகள். ஒருநாள் மாலை, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் குடும்பத்து இளைஞர் ஒருவர் என்னிடம் வந்து, தம் பெயரையும் சபைப் பேரேட்டில் எழுத வேண்டும் என்றார். சபைத் தலைவரை அழைத்துக் கேட்டேன். "சாமி, இது எங்கள் பாட்டன் காலத்துச் சபை. அந்தத் தெருவாருக்கு இதில் இடமில்லை" என்றார் அவர். நானோ ஊருக்குப் புதியவன். திருவிழா முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். இளைஞர் எழுந்து புறப்படும்போது, "சாமி, கொம்பிரியா என்றால் என்ன அர்த்தம்?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

பிற்காலத்தில் அந்த விடையைத் தேடியபோது, மனிதர் கூடி வாழ்ந்ததைக் குறிக்கும் சொற்களின் நீண்ட வரலாறு என்முன் விரிந்தது.

கூடுதல் தமிழருக்குப் புதியதன்று. கூட்டம், குழு, ஆயம், திரள், அவை என நம் மொழியில் சொற்கள் பல. மரத்தடியின் திறந்த வெளியில் ஊரார் கூடிய இடம் மன்றம் எனப்பட்டது. பொதியில் என்பதோ பொது இல்லம். மதுரைக்கு அருகே மாங்குளத்துக் குகையில், கி.மு. 2ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்று, வெள்ளறை நிகமத்தோர் சமணத் துறவியர்க்கு அளித்த கொடையைச் சொல்கிறது. நிகமம் என்பது வணிகர் குழு. துறவியர்க்குக் கல்லில் இருப்பிடம் செய்து கொடுக்க வணிகர் ஒன்றுகூடியிருக்கிறார்கள்.

வணிகர் குழுக்கள் சமய எல்லையையும் கடந்து நின்றன. கி.பி. 849ஐச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடுகளில், வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் திருவடிகள் மார் சபீர் ஈசோ எழுப்பிய கிறிஸ்தவக் கோவிலுக்கு உரிமைகள் வழங்குகிறார். அவற்றைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களிடமும் ஒப்படைக்கப்படுகிறது. சாட்சிகளின் கையொப்பங்கள் அரபு, பாரசீக, எபிரேய எழுத்துகளில் உள்ளன. ஒரு சிறிய ஆலயத்தின் பாதுகாப்புக்குப் பல சமயத்தார் கையெழுத்திட்ட காட்சி இது.

ஆயினும் எல்லாக் கூட்டங்களும் கதவைத் திறந்தே வைத்திருக்கவில்லை. சோழர் காலத்தில் ஊர், சபை, நகரம், நாடு என்பன தனித்தனி அமைப்புகள். இவற்றுள் சபை என்பது பிரமதேய ஊர்களில் நிலமுடைய அந்தணர் கூடிய அவை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) அதன் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிவுசெய்த குடவோலை முறையை விளக்குகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயரெழுதிய ஓலைகள் குடத்திலிடப்பட, சிறுவன் ஒருவன் அவற்றை எடுத்தான். கணக்குக் காட்டாதவருக்கும் அவர்தம் உறவினருக்கும் இடமில்லை. இந்நேர்மை இன்றும் வியப்புக்குரியது. அவ்வாரியம் என்னும் சொல்லே குடிநீர் வடிகால் வாரியமாகவும் வீட்டுவசதி வாரியமாகவும் நம்மிடையே வழங்குகிறது. ஆனால் அவ்வூரின் வயலில் உழைத்த பலருடைய பெயர்களை எழுத அக்குடத்தில் ஓலை இருந்ததில்லை.

'திருச்சபை' என்று நாம் சொல்லும்போது அந்தச் சபை என்னும் சொல்லையே எடுத்தாள்கிறோம். கிரேக்கத்திலும் நிலை இதுவே. எக்லேசியா என்பது முதலில் ஏதென்ஸ் நகரக் குடிமக்கள் கூடிய பேரவை. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அயலாருக்கும் அங்கு இடமில்லை. தொடக்கக் கிறிஸ்தவர்கள் அச்சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் வாயிலை அகலத் திறந்தனர். அதற்கு அவர்களுக்குத் துணைநின்றது மற்றொரு சொல்: அடெல்ஃபோஸ். ஒரே கருவறையிலிருந்து வந்தவன் என்பது அதன் வேர்ப்பொருள். நம் 'சகோதரன்' என்பதும் அதுவே. சக உதரம், ஒரே வயிறு. தமிழின் உடன்பிறந்தானும் வேறன்று. அண்ணன், தம்பி என்றால் மூப்பு இளமை வந்துவிடும். உடன்பிறந்தான் என்னும் சொல்லில் மேல் கீழ் இல்லை. பிலமோனுக்கு எழுதிய சிறு திருமுகத்தில், ஒனேசிமு என்னும் அடிமையை இனி அடிமையாக அல்ல, அன்புச் சகோதரனாக ஏற்குமாறு பவுல் வேண்டுகிறார். அந்த ஒரு சொல்லை ஏற்ற வீட்டில் பழைய உறவு அப்படியே தொடர இயலாது.

இலத்தீனில் சகோதரன் 'ஃபிராத்தர்'. அதிலிருந்து கிளைத்த போர்த்துக்கீசியச் சொல் 'கொன்ஃபிராரியா'. 1498இல் லிஸ்பனில் அரசி லெயனோர் முன்னின்று தொடங்கிய 'மிசரிக்கோர்தியா' என்னும் இரக்கத்தின் சபை, நோயுற்றோரைப் பேணுவதையும் இறந்தோரை அடக்கம் செய்வதையும் கடமையாகக் கொண்டது. அவ்வாண்டிலேயே வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தார். போர்த்துக்கீசியரோடு வந்த அச்சொல் நம் முன்னோர் நாவில் கொம்பிரியா ஆயிற்று. பொருள்: உடன்பிறந்தோர் கூட்டம்.

சொல் வந்தது; பொருள் முழுவதும் வந்து சேரவில்லை. வடக்கன்குளத்தில் இரு பிரிவினர் தனித்தனியே அமருமாறு அமைந்திருந்த கோவிலில், 1910இல்தான் தடுப்புகள் அகற்றப்பட்டன. அதை எதிர்த்து வழக்காடியவர்களுக்கு மதராஸ் உயர்நீதிமன்றத்தில் வெற்றி கிட்டவில்லை. எனினும் சுவரை இடித்ததுபோல் எளிதாகப் பேரேடுகளைத் திருத்த முடியவில்லை. பிற்காலத்தில் நம் பங்குகளில் 'அன்பியம்' என்னும் அழகிய தமிழ்ச்சொல் வேரூன்றியது. தெருவாரியாக அன்பியங்களைப் பிரிக்கும்போது, தெருக்களே சாதிவாரியாகப் பிரிந்திருப்பதை நாம் எண்ணிப் பார்க்கிறோமா?

அவ்வூரை விட்டு நான் மாற்றலாகும்வரை அந்த இளைஞரின் பெயர் எழுதப்படவில்லை. அவர் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றுவிட்டதாகப் பின்னர் அறிந்தேன். தலைவரை மட்டும் குறைகூற எனக்கு உரிமையில்லை. திருவிழா முடிந்தது, பிறகும் நான் பேசவில்லை. சபையார் யாவரும் அடக்கத்துக்குச் செல்லுமுன் அங்கு போய் நின்று மண்ணை வெட்டியவர் அவர் தந்தை. இறந்தோரை அடக்கம் செய்யும் இரக்கச் செயலை அவ்வூரில் கையால் செய்த குடும்பம் அது ஒன்றே.

தம்பி, கொம்பிரியா என்றால் உடன்பிறந்தோர் கூட்டம். அன்று உமக்கு இந்த விடையைச் சொல்லி, பேரேட்டையும் நானே திறந்திருக்க வேண்டும்.