சும்மா: ஒரு சொல்லின் உயரம்

எதையும் பொருட்படுத்தாத கவலையற்ற நிலைக்கு நம் மொழியில் பெயர்கள் பல உண்டு; அவற்றுள் இன்று எழுத்தில் மிகுதியாக வழங்கும் அலட்சியமும் உதாசீனமும் வடசொற்கள். இலட்சியம் என்றால் குறி, கருதத்தக்கது. கருதத்தக்கதன்று என ஒதுக்குவது அலட்சியம். உதாசீனத்தின் பிறப்போ உயர்ந்தது. ஆசனத்தோடு ஒரே வேரில் கிளைத்த அச்சொல்லுக்கு விலகி அமர்ந்திருத்தல் என்பதே முதற்பொருள். அர்த்தசாத்திரத்தில் எப்பக்கமும் சேராத அரசன் உதாசீனன், கீதையிலோ விருப்பு வெறுப்பு நீங்கிய அடியவன் உதாசீனன். தமிழில் வழங்கி வழங்கி அதன் அமைதி தேய்ந்து, அவமதிப்பு மட்டும் எஞ்சிவிட்டது.

பேச்சுத்தமிழ் இந்நிலையைப் பழியின்றிச் சொல்லும். 'அவன்பாட்டுக்குப் போகிறான்' என்கிறோமே, அதில் இருப்பது இசைப்பாட்டன்று. பங்கு, நிலை என்று பொருள்படும் பாடு, உருபேற்கையில் டகரம் இரட்டித்துப் பாட்டுக்கு ஆயிற்று. 'சிவனேன்னு கிடக்கிறான்' என்பதில் விளியேற்ற இறைவன் பெயரே ஒதுங்கியிருத்தலுக்கு அடைமொழியாகிவிட்டது.

இவற்றுக்கெல்லாம் மேலாக நிற்பது சும்மா. பழைய நூல்களில் இதன் இடத்தில் வாளா என்னும் சொல் வரும். பேசாமல், வீணாக என்னும் இரு பொருளும் அதற்கும் உண்டு. சும்மா இன்னும் விரிந்தது: சும்மா வந்தேன் என்றால் காரணமின்மை, சும்மா கொடுத்தான் என்றால் விலையின்மை, சும்மா சொன்னேன் என்றால் விளையாட்டு, சும்மா சும்மா என்று அடுக்கினால் ஓயாமை, சும்மாவா என்று வினவினால் பெருமை! ஒலித்துப் பாருங்கள்: இரட்டித்த மகரத்தில் இதழ்கள் மூடி, ஒரு கணம் அப்படியே தங்கி, பிறகே ஆகாரத்தில் திறக்கின்றன, பேச்சடங்குதலை வாயே செய்துகாட்டுகிறது.

இச்சொல் தன் முழு உயரத்தை எட்டிய ஊர் திருவண்ணாமலை. பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த அருணகிரிநாதர், முருகன் தமக்கு அருளிய உபதேசமாகவே கந்தரனுபூதியில் இதை வைத்தார். 1896 செப்டம்பர் முதல் நாள் பதினாறு வயதில் அவ்வூருக்கு வந்து, 1950இல் மறையும்வரை அம்மலையைப் பிரியாத ரமண மகரிஷி, 'சும்மா இரு' என்பதையே தம் உபதேசத்தின் சாரமாக்கினார். இரு என்னும் வினைக்கு அமர்தலும் உளதாதலும் பொருள்கள். உதாசீனம் இழந்த அமர்வை இத்தொடர் மீட்டுக்கொடுத்ததோடு, உளதாதலையும் சேர்த்துத் தந்தது. சும்மா இருத்தல் மடி அன்று. மனம் எதையும் பற்றாது நிற்றல்.

அலட்சியம் பிறரைத் தாழ்த்துகிறது. சும்மா இருப்பவனுக்குத் தாழ்த்த ஒருவரும் இல்லை. எழுதும்போது, அன்பர்களே, இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.