பிணை, ஜாமின்

பிணைதல் என்றால் கட்டுதல். பிறருக்காகத் தன்னைக் கட்டிக்கொள்பவர் பிணையாளி. ஜாமீன் அரபு வேர் கொண்ட சொல். பாரசீகம், உருது கடந்து தமிழுக்கு வந்தது. அதே வேர் மலாயில் ‘ஜாமின்’. மலாக்காவின் ஆயர் கெரோ நீதிமன்றத்தில் காதில் விழும் ‘ஈக்காட் ஜாமின்’ பிணை, ஜாமின் இரண்டையும் இணைக்கிறது: ஈக்காட் என்றாலும் கட்டுதான்.

தோட்டத்துக் குடும்பம் புரட்டிக் கட்டும் ஜாமின் தொகை அபராதமல்ல (பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்). குற்றம் சாட்டப்பட்டவர் தவறாமல் ஆஜரானால், வழக்கு முடிந்ததும் பிணையாளிக்கே திரும்பும்.

பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டத்தில் கதை வேறு. 2019-இல் கைதான அப்போதைய மலாக்கா மாநில ஆட்சிக்குழு உறுப்பினர் ஜி. சாமிநாதனின் மனுவில், ஜாமினை மறுக்கும் 13-ஆம் பிரிவு அரசமைப்புக்கு முரண் என்று அதே ஆண்டு நவம்பர் 29 அன்று கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் 2020 பிப்ரவரியில் குற்றச்சாட்டு கைவிடப்பட்ட பிறகே அவர் வெளியே வந்தார்.