திசைமாற்றுக் கரம்

திசைமாற்றுக் கரம் என்பது தானுந்தின் முன்சக்கரக் கணுவுடன் இணைந்து, சக்கரத்தை இடமும் வலமும் திருப்பும் நெம்புகோல் ஆகும். பட்டறை வழக்கில் இது ஸ்டீயரிங் ஆர்ம் எனப்படும். இரு சக்கரங்களின் கரங்களையும் டை ராடு இணைக்கிறது. திசைமாற்றிப் பெட்டியின் விசையை டிராக் லிங்க் கொண்டுவருகிறது. இக்கரம் முறிந்தால் ஓட்டுநரால் சக்கரத்தைக் கட்டுப்படுத்த இயலாது. நிறுத்துகருவியைப் போல இதற்கு மாற்று ஏற்பாடு கிடையாது.

வடிவியல்

வளைவில் உட்சக்கரம் வெளிச்சக்கரத்தை விடக் கூடுதலாகத் திரும்ப வேண்டும். இதற்கான அமைப்பை மியூனிக் நகர வண்டித் தொழிலாளர் கியோர்க் லான்கன்ஸ்பெர்கர் 1817இல் உருவாக்கினார். இங்கிலாந்தில் 1818இல் காப்புரிமை பெற்ற ருடால்ஃப் ஆக்கர்மனின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இம்முறையில் கரங்களின் கோடுகளைப் பின்னோக்கி நீட்டினால் அவை பின் அச்சின் நடுவை ஒட்டிச் சந்திக்கும். அச்சுகளுக்கிடையே 2400 மி.மீ., திருப்பு ஊசிகளுக்கிடையே 1200 மி.மீ. உள்ள வண்டியில் கரம் ஏறத்தாழ 14 பாகை உட்சாய்ந்திருக்க வேண்டும்.

கரடுமுரடான தடங்களுக்கான மாற்றம்

மகிந்திரா ஜீப், 1985இல் அறிமுகமான மாருதி ஜிப்சி போன்ற வண்டிகள் முழு அச்சும் பட்டைவில்லும் கொண்டவை. நெடும்பயணத்திற்காக இவற்றின் வில்லை உயர்த்தினால் டிராக் லிங்க் செங்குத்தாகச் சாய்கிறது. அதனால் பள்ளத்தில் இறங்கும்போது ஓட்டுநர் திருப்பாமலே சக்கரம் திரும்பும். தாழ்வாக உள்ள டை ராடு பாறையில் மோதி வளைவதும் உண்டு. பெரிய டயர்கள் கரத்தின் மீதான சுமையை மேலும் கூட்டுகின்றன.

இதற்குத் தீர்வாகக் கணுவின் மேற்புறம் பொருத்தப்படும் உயர்கரங்கள் பயன்படுகின்றன. இவை இரு தண்டுகளையும் வில்லுக்கு மேலே தூக்கிவிடுகின்றன. கரம் நீளமானால் திருப்புவது எளிதாகும், ஆனால் சக்கரம் திரும்பும் கோணம் குறையும். குட்டையானால் இதற்கு நேர்மாறு. டை ராடை அச்சின் முன்பக்கம் கொண்டுசென்றால் கரங்கள் வெளிச்சாய வேண்டும். அங்கே சக்கரம் இடையூறாக இருப்பதால் பலர் ஆக்கர்மன் கோணத்தை விட்டுவிடுகின்றனர். மணலில் இக்குறை தெரியாது. தார்ச்சாலையில் டயர் தேய்மானமாக வெளிப்படும்.

வார்ப்பிரும்பு முன்னறிவிப்பின்றி உடையும். அடித்து வார்த்த எஃகு பெரும்பாலும் உடையுமுன் வளைந்து எச்சரிக்கும். எனவே எஃகே விரும்பப்படுகிறது. குரோமியம்-மாலிப்டினக் கலப்பெஃகும் வழக்கில் உண்டு. பழைய கரத்தை வாயுச் சுடரில் சூடாக்கி வளைப்பதும், துண்டு ஒட்டிப் பற்றவைப்பதும் மலிவானவை, ஆனால் ஆபத்தானவை. வெப்பத்தால் எஃகின் பதம் கெடுகிறது; பற்றுக்கு அருகில் நுண்பிளவுகள் தோன்றலாம். பந்து மூட்டின் கூம்புத்துளை சரியான சரிவில் கடையப்படாவிட்டால் திருகு எவ்வளவு இறுகினாலும் மூட்டு ஆடும். திருகுமறையைப் பிளவூசியால் பூட்டுதல் கட்டாயம்.

உவர்நிலங்களில்

ஆரம்பாக்கத்தை அடுத்த பழவேற்காடு ஏரி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். கோடையில் நீர் வற்றும் இதன் விளிம்புகளில் உப்புச்சேறு படிகிறது. இத்தகைய சேற்றில் ஓடும் வண்டியில் பந்து மூட்டின் இரப்பர் உறை கிழிந்திருந்தால் உப்பு உட்புகுந்து துரு பிடிக்கும். கரம் எவ்வளவு வலிமையாக இருந்தாலும் மூட்டு முதலில் போய்விடும். ஆகவே நன்னீரில் கழுவி, மசகு ஏற்றி, உறையைச் சோதிப்பது புதிய கரம் வாங்குவதற்கு முந்திய வேலையாகும்.

சட்டம்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் உற்பத்தியாளரின் மூல விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடைசெய்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் இதனை வலியுறுத்தியது.