துரும்பும் இழையும்: பல்லிடுக்கின் வரலாறு

"சிறு துரும்பும் பல் குத்த உதவும்" என்பது நம் வழக்கில் ஊறிய பழமொழி. எளியாரை எள்ளற்க என்னும் அறத்தை விளக்க மேடைதோறும் அது எடுத்தாளப்படுகிறது. பொருளில் கருத்தைச் செலுத்துவோர் உவமையின்முன் நின்று நோக்குவது அரிது. துரும்பு பல்லுக்கு உண்மையிலேயே உதவுமா? எதற்கு உதவும், எதற்கு உதவாது? இவ்வினாவைப் பின்தொடர்ந்தால் பல்லிடுக்கைத் தூய்மை செய்யும் கருவிகளின் வரலாறு முழுவதும் நம்முன் விரிகிறது. அக்கருவிகளை மனிதர் எதனைக் கருதித் தேர்ந்தனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இப்பழக்கத்தின் தொன்மையை மானிடவியலார் மிகப் பின்னோக்கிக் கொண்டு செல்கின்றனர். குரோவேசியாவின் கிராப்பினாவில் கிடைத்த, ஏறத்தாழ 1,30,000 ஆண்டுகள் பழமையான நியாண்டர்தால் மனிதரின் பற்களில் நுண்ணிய பள்ளங்கள் காணப்படுகின்றன. குச்சியால் மீண்டும் மீண்டும் குத்தியதன் தடம் அவை என்பது நெடுங்காலக் கருத்து. ஆயினும், காட்டில் வாழும் குரங்கினங்களின் பற்களிலும் இத்தகைய பள்ளங்கள் உண்டு என 2025இல் வெளியான ஆய்வொன்று காட்டியபின், ஒவ்வொரு பள்ளத்தையும் குச்சியின் தடமாகக் கொள்ளுதல் தகாது என்பது தெளிவாகியுள்ளது.

எழுத்துச் சான்றுகளுக்கு வந்தால் நிலம் உறுதியாகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமையில் வாழ்ந்த மார்ஷியல், பல் குத்துவதற்கு மாஸ்டிக் என்னும் பிசின் மரத்தின் குச்சியே சிறந்தது என்றும், அது கிட்டாவிடில் இறகின் தண்டு போதும் என்றும் தம் குறுங்கவிதையொன்றில் குறிக்கிறார். கருவித் தேர்வு பற்றிய மிகப் பழைய அறிவுரைகளுள் இதுவும் ஒன்று. அதே புலவர் வேறோரிடத்தில் விருந்தில் சாய்ந்து பல் குத்தும் ஒருவனை எள்ளி நகையாடுகிறார். நகைப்புக்குக் காரணம் எளிது: அவன் வாயில் பற்களே இல்லை.

இந்நகைச்சுவையைக் கடந்து போய்விடுதல் கூடாது. பல் இல்லாதவன் பல் குத்துவானேன்? பிறர் காண்பதற்காகத்தான். கருவி அவனது வாய்க்காக அன்று, எதிரில் அமர்ந்திருப்பவரின் கண்ணுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பின்வந்த பல நூற்றாண்டுகளுக்கும் இதுவே பெருவழக்காயிற்று.

1530இல் எராஸ்மஸ் சிறார்க்கான நல்லொழுக்க நூலொன்றை வெளியிட்டார். பல்லிடுக்கில் சிக்கியதைக் கத்தியாலோ நகத்தாலோ மேசைத் துணியாலோ எடுத்தல் இழிவு. மாஸ்டிக் குச்சி, இறகுத் தண்டு, கோழியின் காலெலும்பிலிருந்து எடுத்த சிறு எலும்பு ஆகியவற்றுள் ஒன்றைக் கொள்க என்பது அவர் காட்டும் நெறி. நகத்தால் எடுப்பது நாய்க்கும் பூனைக்கும் உரிய செயல் என்பது அவர் கூறும் காரணம். இங்கும் அளவுகோல் அவையடக்கமே.

1554இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த 'லசாரில்லோ டி டோர்மெஸ்' என்னும் ஸ்பானியப் புதினம் நம் பழமொழியின் துரும்பையே கொண்டுவந்து நிறுத்துகிறது. டொலேடோ நகரில் சிறுவன் லசாரோ பணிசெய்யும் குடிப்பெருமை மிக்க தலைவனின் வீட்டில் உண்பதற்கு ஏதுமில்லை. அத்தலைவனோ ஒரு துரும்பை எடுத்துக்கொண்டு வாயிற்படியில் நின்று, இடையில் ஏதும் சிக்கியிராத பற்களைக் குத்திக்கொண்டிருப்பான். வயிறார உண்டவன் என்று தெரு நம்பவேண்டும், மானம் காக்கப்படவேண்டும். சில பத்தாண்டுகள் கழித்து ஷேக்ஸ்பியரின் 'ஜான் மன்னன்' நாடகத்தில், வெளிநாடு சென்று மீண்ட பயணியின் பகட்டுக்கு அடையாளமாகப் பல் குத்தும் குச்சி இடம்பெறுகிறது. ஓரிடத்தில் வறுமையை மறைக்கவும் மற்றோரிடத்தில் பெருமையைக் காட்டவும் பயன்பட்டது ஒரே துரும்புதான்.

பார்வை வாயின் உட்புறம் திரும்பியது 1683இல். டெல்ஃப்ட் நகரின் துணி வணிகரும் நுண்ணோக்கி செய்வதில் வல்லவருமான லேவன்ஹூக், அவ்வாண்டு செப்டம்பரில் இலண்டன் ராயல் கழகத்துக்கு ஒரு மடல் வரைந்தார். நாள்தோறும் உப்பால் பல் தேய்ப்பதும், உணவுக்குப்பின் குச்சியால் கடைவாய்ப் பற்களைக் குத்தித் துணியால் அழுந்தத் துடைப்பதும் தம் வழக்கம் என்கிறார். அவ்வளவு செய்தும் பற்களின் இடையே குழைத்த மாவைப்போல் வெண்பொருள் ஒன்று தங்கியிருக்கக் கண்டார். அதனைக் கண்ணாடியின்கீழ் வைத்து நோக்கியபோது, அங்குமிங்கும் நீந்தும் நுண்ணுயிர்கள் எண்ணிறந்தன தோன்றின.

உணவுத் துணுக்கு வேறு, பல்லின்மேல் படியும் நுண்ணுயிர்ப் படலம் வேறு என்னும் உண்மை அம்மடலில் ஒளிந்துள்ளது. துணுக்கை நீக்கத் துரும்பு போதும். ஒட்டிப் படர்ந்திருக்கும் படலத்தையோ பல்லின் பக்கச்சுவரைத் தழுவித் துடைத்துத்தான் நீக்க இயலும். குத்துதல் ஒரு வினை, துடைத்தல் மற்றொரு வினை.

இரண்டாவது வினைக்குரிய கருவியை முன்மொழிந்தவர் அமெரிக்கப் பல் மருத்துவர் லீவை ஸ்பியர் பாம்லி. 1819இல் வெளியிட்ட நூலில், மெழுகிட்ட பட்டு நூலைப் பற்களின் இடையே செலுத்துக என்றார். தூரிகையும் குச்சியும் அகற்ற இயலாத பொருளே நோயின் மெய்யான ஊற்று என்பது அவர் துணிபு. ஆயினும் அந்நூற்றாண்டின் வெற்றி இழைக்குக் கிட்டவில்லை, குச்சிக்கே கிட்டியது. பாஸ்டனைச் சேர்ந்த சார்லஸ் ஃபார்ஸ்டர் பிரேசிலில் கையால் செதுக்கிய குச்சிகளைக் கண்டு, மெய்ன் மாநிலத்தில் இயந்திரம் கொண்டு அவற்றைச் செய்விக்கலானார். உணவகங்களில் குச்சி கேட்டு ஆரவாரம் செய்ய மாணவர்களை அவர் கூலிக்கு அமர்த்தினார் என்றொரு கதையும் உண்டு. மீண்டும் பிறர் கண்ணே விற்பனைக் களமாயிற்று!

இழையின் பயணம் மெல்லவே நடந்தது. 1898இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் பட்டிழைக்குக் காப்புரிமை பெற்றது. 1922இல் வெளிவந்த ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' புதினத்தில், செய்தித்தாள் அலுவலகத்தில் இருக்கும் பேராசிரியர் ஒருவர் இழையை எடுத்துப் பல்லிடையில் மீட்டுகிறார். 1940களில் மருத்துவர் சார்லஸ் பாஸ் பட்டுக்கு மாற்றாக நைலானைப் பரிந்துரைத்தார். 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோவும் உடனாய்வாளரும் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தனர். மூன்று வாரத்துக்குள் அனைவர்க்கும் ஈறு அழன்றது. மீண்டும் தூய்மை செய்யத் தொடங்கியதும் அழற்சி தணிந்தது. படலமே காரணம் என்பது ஐயமற நிறுவப்பட்டது.

எனின், இழையே இறுதி விடையா? 2016இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இழையின் பயனுக்குரிய சான்றுகள் நலிந்தவை என்று வெளியிட்டபோது உலகெங்கும் சலசலப்பு எழுந்தது. 2019இல் காக்ரேன் குழு 35 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. துலக்குதலோடு இழையையோ பல்லிடுக்குத் தூரிகையையோ சேர்த்துக்கொள்வது ஈறு அழற்சியைக் குறைக்கக்கூடும், தூரிகை இழையினும் சிறந்ததாக இருக்கக்கூடும் என்பது அதன் முடிபு; சான்றின் உறுதி குறைவு என்பதையும் அது மறைக்கவில்லை. சான்று நலிந்தது என்பதும் பயனில்லை என்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டைப் பலர் அன்று தவறவிட்டனர்.

தேர்வுக்குரிய அளவுகோல் இடைவெளியே. பற்கள் நெருங்கி, ஈறு இடுக்கை நிறைத்திருக்கும் வாயில் தூரிகை நுழையாது. அங்கு இழையே தக்கது. அதனை அறுப்பதுபோல் இழுக்காமல், ஒவ்வொரு பல்லையும் வளைத்துத் தழுவி மேலும் கீழும் துடைத்தல் வேண்டும். அகவையாலோ நோயாலோ ஈறு தாழ்ந்து இடுக்கு அகன்றவிடத்து, வேரின் பக்கம் உட்குழிந்திருப்பதும் உண்டு. இழுத்துப் பிடித்த இழை அக்குழியின் குறுக்கே பாலம்போல் நின்றுவிடும். தூரிகையின் மயிர்களோ உட்சென்று தொடும். அதன் கம்பி வளையாமல், வலிந்து திணிக்காமல் நுழையவேண்டும். மயிர்கள் இருபுறமும் உரசவேண்டும். ஒரே வாயில் இரண்டு மூன்று அளவுகள் தேவைப்படலாம் என்பதால், முதன்முறை பல் மருத்துவரைக்கொண்டு அளந்து கொள்வது நன்று. தொடக்கத்தில் குருதி கசிந்தால் அஞ்சிக் கைவிடுதல் வேண்டா. பெரும்பாலும் அது அழற்சியின் அறிகுறியே. நாள்கள் பல சென்றும் நில்லாவிடில் மருத்துவரிடம் காட்டுதல் கடன்.

துரும்புக்கும் இதில் இடமுண்டு. விருந்துக்குப்பின் சிக்கிய நாரை எடுக்க அது இன்றும் உதவும், பழமொழி பொய்க்கவில்லை. ஆனால் டொலேடோவின் வாயிற்படியில் நின்றவனைப்போல, துரும்பை ஏந்தியதனாலேயே காரியம் முடிந்தது என்று கருதினால், தெரு நம்பும், ஈறு நம்பாது.